துரத்துகிறவனின் முகவரி

கொல்கத்தாவில் ராஜாபஜார் அறிவியல் கல்லூரிக்கு அருகே பார்சிபாகான் லேன் என்றொரு சிறு தெரு இருக்கிறது. அங்கே 14ஆம் எண் வீட்டில் 1922ஆம் ஆண்டு சிலர் கூடி இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் கிரீந்திரசேகர் போஸ், மருத்துவர். இளமையில் மாயாஜாலமும் ஹிப்னாடிசமும் பழகியவர். பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து 1921இல் முனைவர் பட்டம் பெற்றார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃப்ராய்டை அவர் நேரில் பார்த்ததே இல்லை. கடிதத்தில் மட்டுமே பழக்கம். அந்தத் துறையில் நுழைகிறவர் முதலில் இன்னொருவரிடம் தன் மனத்தைத் திறந்து காட்டிப் பயில வேண்டும் என்பது வழக்கம். போஸுக்கு அப்படி ஒரு குரு வாய்க்கவில்லை. தன் மனத்தைத் தானே தோண்டிக் கற்றுக்கொண்டார்.

1928இல் வங்காள மொழியில் 'ஸ்வப்ன' என்ற பெயரில் கனவுகளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். மனிதர்கள் காணும் கனவுகளிலேயே மிகப் பொதுவான ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறோம். கொஞ்சம் சுற்றுவழிதான், நடுவில் சிகாகோ, லியோன், ஃபின்லாந்து என்று சில இடங்களில் இறங்கி ஏற வேண்டியிருக்கும்.

ஒரு விடியற்காலை

கனவு கண்டவரை நான் கற்பனை செய்துகொள்கிறேன். கனவு மட்டும் கற்பனையில்லை. உங்களில் பலர் கண்டதுதான். திருநெல்வேலியிலிருந்து வந்து, சியால்தா பக்கம் விடுதியில் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்கிற பெண் என்று வைத்துக்கொள்வோம். காலை ஐந்து மணி வாக்கில் அந்தக் கனவு வருகிறது. காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஒருவன். திரும்பினால் முகம் தெரியும். ஆனால் திரும்பக் கூடாது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு சந்தில் நுழைகிறாள். அது திருநெல்வேலியில் அவள் வளர்ந்த தெருவாக இருக்கிறது. அதில் அவளுக்கு வியப்பில்லை. எடுத்த கால் முன்னே போகவில்லை. நாற்று நட உழுது வைத்த வயலில் இறங்கியது போலச் சேறு இழுக்கிறது. கத்த வாய் திறக்கிறாள், குரல் வரவில்லை. தோளில் கை படப்போகிற கணத்தில் விழித்துவிடுகிறாள்.

காலையில் அம்மாவுக்குப் போன் போடுகிறாள். "விடியக்காலக் கனவு பலிக்கும்லா. குளிச்சிட்டு ஒரு எட்டு கோயிலுக்குப் போயிட்டு வா" என்கிறார் அம்மா. விடுதியில் சமைக்கிற மாஷியிடம் சொன்னாலும் அதே தீர்ப்புதான்: "போரேர் ஷொப்னோ ஷொத்தி ஹொய்." விடியற்காலைக் கனவு மெய்யாகும். ரயில் பாதையில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்கள், இரண்டு மொழிகள், ஒரே நம்பிக்கை. கனவு பலிப்பதை விட்டுவிடுவோம். விடியற்காலையை மட்டும் பிடித்துக்கொள்வோம். அதில் விஷயம் இருக்கிறது.

எத்தனை பேர் ஓடுகிறார்கள்

2003இல் வெளியான ஓர் ஆய்வில் டோர் நீல்சனும் கூட்டாளிகளும் கனடாவில் 1,181 பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். பறப்பது, விழுவது, பல் உதிர்வது, தேர்வில் தோற்பது என 55 வகைக் கனவுகள் அதில் இருந்தன. வாழ்நாளில் ஒரு முறையாவது கண்டவற்றைக் குறிக்க வேண்டும். முதலிடம் பிடித்தது துரத்தப்படும் கனவு: 81.5 சதவீதம். ஹாங்காங் மாணவர்களிடம் நடந்த இதே போன்ற ஆய்விலும் அது முன்வரிசையில் நின்றது. ஜப்பானியரையும் அமெரிக்கரையும் ஒப்பிட்டு 1958இலேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. உணவு, கடவுள், உறவுமுறை எல்லாம் வேறாக இருந்தும் இரவில் இரு நாட்டாரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

துரத்துவது யார் என்பது மட்டும் வயதோடு மாறுகிறது. குழந்தைகளின் கனவில் விலங்குகள் அதிகம். நாயையே அருகில் பார்க்காத நகரத்துக் குழந்தையின் கனவிலும் புலி வரும். வளர வளர விலங்குகள் குறைந்து மனிதர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். பெரியவர்களின் கனவில் தாக்க வருகிறவர் பெரும்பாலும் முன்பின் அறிமுகமில்லாத ஆண். நம் மாணவியின் கனவும் இந்தக் கணக்குக்குள் கச்சிதமாக அடங்குகிறது. அவளுக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று எதுவும் இதில் இல்லை.

சேற்றில் இறங்கிய கால்

போஸ் 1953 ஜூன் மாதம் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் சில நேரங்களில் விறுவிறுவென்று அலைகின்றன. அப்போது எழுப்பினால் பெரும்பாலானோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். இதுவே விரைவிழியசைவு உறக்கம், சுருக்கமாக ரெம். கனவுக்காகவே பாதி வாழ்நாளைச் செலவிட்டவர் மூன்று மாதத்தில் இந்தச் செய்தியைத் தவறவிட்டார்.

இரவில் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒரு முறை ரெம் வருகிறது. முதல் சுற்று சில நிமிடங்களே நீடிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போய், விடியும் முன் வருவதுதான் மிக நீளமானது. அதிலிருந்து நேராக விழிப்பதால்தான் விடியற்காலைக் கனவு துல்லியமாக நினைவில் நிற்கிறது. இரவு பன்னிரண்டு மணிக் கனவுகள் மறந்துபோகின்றன. மறந்ததைப் பலித்ததா என்று யாரும் சரிபார்க்க முடியாது. அம்மாவும் மாஷியும் கவனித்தது சரி, சொன்ன காரணம்தான் வேறு.

அடுத்தது கால். பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளை வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தார். ரெம் உறக்கத்தில் மூளை விழித்திருப்பது போலப் பரபரப்பாக இருக்கும்போதே உடலின் தசைகள் துவண்டுவிடுகின்றன. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் உத்தரவு, தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடக்கி வைக்கிறது. கண்களுக்கும் மூச்சுக்கும் மட்டும் விலக்கு. மூளைத்தண்டில் அந்தச் சிறு பகுதியை ஜூவே சிதைத்தபோது பூனைகள் தூக்கம் கலையாமலே எழுந்து, இல்லாத இரைமேல் பாய்ந்தன. அந்தப் பூட்டு இல்லையென்றால் நம் மாணவி விடுதிக் கட்டிலிலிருந்து குதித்து நிஜமாகவே ஓடியிருப்பாள்.

சிலர் ஓடவும் செய்கிறார்கள். 1986இல் மினசோட்டாவைச் சேர்ந்த கார்லோஸ் ஷெங்கும் மார்க் மஹோவால்டும் தூக்கத்தில் கட்டிலிலிருந்து பாய்கிற, பக்கத்தில் படுத்திருப்பவரைக் குத்துகிற நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கண்ட கனவுகள் பெரும்பாலும் துரத்தலும் தாக்குதலும்தான். வயதானவர்களிடம் இது தொடங்கினால் அலட்சியம் கூடாது. பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டுகள் முந்திய அறிகுறியாக இது இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய அப்பா தூக்கத்தில் எழுந்து சுவரைக் குத்தினால், மந்திரிக்க அழைத்துப் போவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கனவில் ஓட முடியாமல் போவதற்கு இந்தத் தசைப் பூட்டே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூளை "ஓடு" என்கிறது. காலிலிருந்து "ஓடுகிறேன்" என்ற மறுமொழி வருவதில்லை. அந்த மௌனத்தைக் கனவு சேறாக மொழிபெயர்க்கிறது. பூட்டு திறக்கும் முன் கண் மட்டும் விழித்துக்கொண்டால் இன்னும் மோசம்: கிடந்த இடத்தில் அசைய முடியாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் அதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். வங்காளிகள் 'போபாய் தொரா' என்பார்கள். போபா என்றால் ஊமை. ஊமை வந்து பிடித்துக்கொண்டது என்று பொருள். தமிழனின் பேய் அமுக்குகிறது, வங்காளியின் பேய் குரலைப் பறிக்கிறது. உடலில் நடப்பது என்னவோ ஒன்றுதான்.

துரத்துவது யார்?

கால் ஓடாததன் கணக்கு தீர்ந்தது. ஏன் ஓட வேண்டும் என்பது பாக்கி. 1996இல் பியர் மாக்கே குழுவினர் ரெம் உறக்கத்தில் இருப்பவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். அச்சத்தை முதலில் முகர்கிற அமிக்டலா கொழுந்துவிட்டு எரிந்தது. நிதானமாக யோசிக்கிற முன்மூளைப் பகுதிகளில் சில அடங்கிக் கிடந்தன. காவல்காரர் தூங்கும் வீட்டில் மணி மட்டும் விடாமல் அடிக்கிற நிலை இது. காலேஜ் ஸ்ட்ரீட் சந்து திருநெல்வேலித் தெருவாக மாறியதில் அவளுக்கு வியப்பு வராததும் இதனால்தான் போலும். ஆனால் மணி அடிப்பதால் மட்டும் முகமில்லாத ஒருவன் ஏன் உருவாக வேண்டும்?

ஃப்ராய்டிடம் கேட்டிருந்தால் 1900ஆம் ஆண்டிட்ட தன் கனவு நூலைத் திறந்திருப்பார். கனவில் அசைய முடியாமல் போவது மனத்துக்குள் நடக்கும் இழுபறி. ஒன்று வேண்டும் என்கிறது, இன்னொன்று கூடாது என்கிறது. ஒடுக்கி வைத்த ஆசை வெளியே வரப் பார்க்கிறது, அதைக் கண்டு மனம் மிரள்கிறது. தசைப் பூட்டு அவருக்குத் தெரியாது. ஆனால் ஓடுகிற மனம் முழு மனத்தோடு ஓடுவதில்லை என்று அவர் ஐயப்பட்டது சுவையானது.

பார்சிபாகான் லேனில் போஸ் இன்னும் ஒரு படி போனார். எந்த ஆசையும் தனியாகப் பிறப்பதில்லை, அதற்கு நேரெதிரான ஆசையும் கூடவே இரட்டையாகப் பிறக்கிறது என்பது அவர் கோட்பாடு. அடிக்க வேண்டும் என்ற ஆசையோடு அடிபட வேண்டும் என்ற ஆசையும் பிறக்கும். ஒன்று மேலே வந்தால் மற்றது நனவிலியில் அமுங்கும். ஆகவே எந்தச் செயலிலும் மனிதர் இரண்டு வேடங்களையும் உள்ளுக்குள் போடுகிறார். அடிக்கிறவர் தன்னையறியாமல் அடிபடுகிறவராகவும் இருக்கிறார். சிகிச்சைக்கு வந்தவரை அவர் ஃப்ராய்ட் போல மனம் போன போக்கில் பேசவிட்டு மட்டும் காத்திருக்கவில்லை. மறு வேடத்தையும் கற்பனை செய்து பார்க்கச் சொன்னார், திரும்ப முதல் வேடத்துக்கு வரச் சொன்னார். குழந்தைகள் ஏறி இறங்கும் சீசா பலகை போல இரண்டு முனைகளும் மாறி மாறி உயர்ந்து தாழ்ந்து கடைசியில் சமநிலைக்கு வரும் என்பது அவர் நம்பிக்கை.

நம் மாணவியின் கனவை இந்தப் பலகையில் வைத்துப் பார்ப்போம். இது என் முயற்சி, போஸ் எழுதியது அல்ல. அவளிடம் "யார் துரத்தினார்கள்?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டியதில்லை. "நீ துரத்தினால் எப்படி இருக்கும்? அவன் இருக்கும் இடத்திலிருந்து உன்னைப் பார். முன்னால் ஓடுகிற பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கலாம். அவள் சிறிது யோசித்து, "அவளிடம் ஒன்று கொடுக்க வேண்டும், அவள் வாங்க மாட்டேன் என்கிறாள்" என்று சொல்லக்கூடும். மூன்று வாரமாக நெறியாளரின் மின்னஞ்சலைத் திறக்காமல் வைத்திருப்பது அப்போது அவளுக்கு நினைவுக்கு வரலாம். வராமலும் போகலாம்.

போஸ் தன் கட்டுரைகளை ஃப்ராய்டுக்கு அனுப்பினார். ஃப்ராய்ட் மரியாதையோடு பதில் எழுதினார், ஆனால் தலையாட்டிவிடவில்லை. நட்பு நீடித்தது, ஃப்ராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு 1931இல் கொல்கத்தாவிலிருந்து தந்தத்தால் ஆன விஷ்ணு சிலை ஒன்று போயிற்று. நாமும் போஸின் கோட்பாட்டை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆசைக்கும் எதிராசைக்கும் இரண்டுக்கும் இடமுண்டு என்றால், நோயாளி ஆமென்றாலும் இல்லையென்றாலும் கோட்பாடு ஜெயித்துவிடும். எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியைப் பார்த்தால் அறிவியலுக்குச் சந்தேகம் வரும். அவரிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டியது அந்த ஒரு கேள்வி: இடம் மாறி நின்று பார்த்தால் என்ன?

ஒத்திகை என்றால் யாருக்கு?

2000ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்து ஆய்வாளர் அன்டி ரெவொன்சுவோ வேறொரு பதிலைச் சொன்னார். கனவு என்பது ஆபத்துக்கான ஒத்திகை. காட்டில் வாழ்ந்த நம் முன்னோர் இரவில் பாதுகாப்பாகப் படுத்துக்கொண்டே புலியிடமிருந்து தப்பிப் பழகினார்கள். பழகியவர்கள் பகலில் பிழைத்தார்கள். அவர்கள் பிள்ளைகள் நாம். நகரத்துக் குழந்தையின் கனவில் புலி வருவதற்கு இது நல்ல விளக்கம். வன்முறையை அனுபவித்த குர்துக் குழந்தைகளின் கனவுகளை அமைதியாக வளர்ந்த ஃபின்லாந்துக் குழந்தைகளின் கனவுகளோடு ஒப்பிட்டபோது, குர்துக் குழந்தைகளின் கனவில் ஆபத்து அதிகமாக இருந்தது. ஒத்திகைக் கூடம் தேவையறிந்து வேலை செய்வது போலத் தெரிகிறது.

ஓட்டை ஒன்று இருக்கிறது. மீண்டும் மீண்டும் வரும் கனவுகளை மாண்ட்ரியாலில் அந்தோனியோ ஸாத்ரா குழு ஆராய்ந்தது. ஆபத்து நிறைய இருந்தது. ஆனால் கனவு கண்டவர்கள் அதிலிருந்து தப்பிப்பது அபூர்வம். தப்பிக்கும் முன்பே விழித்துவிடுகிறார்கள், அல்லது கால் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. இருபது வருடம் ஒத்திகை பார்த்தும் ஒரு முறை கூட வசனம் முடியாத நாடகத்தை ஒத்திகை என்று எப்படிச் சொல்வது?

கனவில் அச்சம் முதலில் வருகிறது, படம் பிறகு வருகிறது என்று கருதியவர் பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன். அன்றைய மனத்தில் ஓங்கி நிற்கும் உணர்ச்சிக்கு மூளை ஒரு காட்சியைத் தேடிக் கொடுக்கிறது. தீயில் தப்பியவரின் கனவில் தீ வரலாம், பேரலையும் வரலாம். அடித்துச் செல்லப்படும் உணர்ச்சி இரண்டுக்கும் பொது. அப்படியானால் துரத்துதல் என்பது எதற்கான படம்? 'தள்ளிப் போட்டது பின்னால் வருகிறது' என்பதற்கு மூளையிடம் இருக்கும் மிகப் பழைய படம் அதுதானோ என்று எனக்குத் தோன்றுகிறது. கடன்காரன், தேர்வு, சொல்லாத பதில், அறுக்காத உறவு எல்லாவற்றுக்கும் ஒரே நடிகரை அனுப்பினால் செலவு குறைவு. ஆகவே "பாம்பு என்றால் இது, யானை என்றால் அது" என்று ஒரே பலனை எல்லோருக்கும் எழுதித் தருகிற கனவுப் பலன் பட்டியல் உதவாது. முகமில்லாதவனின் பெயர் கனவு கண்டவருக்கு மட்டுமே தெரியும். சில சமயம் அவருக்கும் தெரியாது.

திரும்பிப் பார்த்தல்

இப்போது பார்சிபாகான் லேனுக்குத் திரும்பலாம். போஸின் கேள்வி வேறு வழியாக, அவர் பெயரே தெரியாதவர்களின் கையில், மருத்துவமாக வந்து சேர்ந்திருக்கிறது. காட்சி ஒத்திகைச் சிகிச்சை என்று சொல்லலாம். பகல் வெளிச்சத்தில், முழு விழிப்பில், கெட்ட கனவைத் தாளில் எழுத வேண்டும். பிறகு அதை விரும்பிய மாதிரி மாற்றி எழுத வேண்டும். துரத்துகிறவன் நின்று வழி கேட்கலாம், சந்தின் கடைசியில் டீக்கடை இருக்கலாம், அவளே திரும்பி நின்று "என்ன வேணும்?" என்று கேட்கலாம். புதிய கதையைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதன் கொடுங்கனவுகளால் தவித்த 168 பெண்களிடம் பாரி கிராகோவ் குழு இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டது. சிகிச்சை பெற்றவர்களின் கொடுங்கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது.

2022இல் ஜெனீவாவில் லாம்ப்ரோஸ் பெரொகாம்வ்ரோஸ் குழுவினர் 36 பேரிடம் இதைக் கொஞ்சம் நீட்டினார்கள். பாதிப்பேர் புதிய கதையை மனத்தில் ஓட்டும்போது ஒரு பியானோ ஒலியையும் கேட்டார்கள். இரவில் ரெம் உறக்கம் வந்ததும் தலைப்பட்டை ஒன்று எல்லோருக்கும் அதே ஒலியை மெல்ல இசைத்தது. இரண்டு குழுவுக்கும் கெட்ட கனவுகள் குறைந்தன. பகலில் கதையோடு சேர்த்து அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்தன. தூங்குகிற மூளையிடம் பகலில் எழுதிய வசனத்தைக் காதோரம் எடுத்துக் கொடுக்க முடிகிறது.

மாதம் ஒரு முறை யாரோ துரத்தினால் யாரும் மருத்துவரைத் தேட வேண்டாம். வாரத்தில் பல நாள் வந்து தூங்கவே அஞ்சினால், அல்லது நிஜத்தில் நடந்த கொடுமை அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப ஓடினால், தனியாக எழுதிப் பார்ப்பதை விட மனநல மருத்துவரோடு செய்வது நல்லது. போஸ் 1940இல் கொல்கத்தாவின் தில்ஜலா பகுதியில் லும்பினி பார்க் என்ற மனநல மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். அதற்கு இடம் கொடுத்தவர் அவர் அண்ணன் ராஜசேகர் போஸ். பரசுராம் என்ற பெயரில் வங்காளத்தையே சிரிக்க வைத்த எழுத்தாளர். ஒரே குடும்பத்தில் ஒருவர் பயத்தைக் கேட்டார், ஒருவர் சிரிப்பை எழுதினார்.

நம் ஊர்ப் பெரியவர்கள் கனவில் வரும் பாம்பைப் பற்றி ஒன்று சொல்வார்கள்: பாம்பு துரத்தினால் கஷ்டம் வரும், கடித்துவிட்டால் பீடை விட்டது. சின்ன வயதில் எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. கடிபடுவது எப்படி நல்லதாகும்? இப்போது அதில் ஒரு நியாயம் தெரிகிறது. துரத்தல் முடிவதே இல்லை என்பதுதான் அந்தக் கனவின் கொடுமை. ஓடுகிற காலும் துரத்துகிற காலும் ஒரே மூளையின் சம்பளத்தில் இயங்குகின்றன. அவள் வேகம் கூட்டினால் அவனும் கூட்டுவான். அவளைத் தாண்டி அவனுக்கு வேறு முகவரி கிடையாது.

மாணவி அன்று மாலை கனவை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலேஜ் ஸ்ட்ரீட், சந்து, சேறு வரை எழுதியாயிற்று. அடுத்த வரியில் அவள் திரும்ப வேண்டும். பேனாவை வைத்துவிட்டு, முதலில் அந்த மின்னஞ்சலைத் திறக்கிறாள்.